கதையை சுட்டுட்டாங்களா? போஸ்ட் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

தமிழ்ல தொடர்கதை எழுதற, படிக்கிற குரூப் எதுலயாவது இருந்தீங்கன்னா இது உங்களுக்கு பழகின விஷயம்தான். வாசகி ஒருத்தங்க இன்பாக்ஸ்ல வந்து "அக்கா, இது உங்க கதை மாதிரியே இருக்கு, ஹீரோ பேர் மட்டும் வேற"ன்னு ஒரு லிங்க் அனுப்புவாங்க, ரைட்டர் திறந்து ரெண்டு எபி (எபிசோட், அதாவது அத்தியாயம்) படிச்சதும் ரத்தம் கொதிச்சு நேரா ஃபேஸ்புக்ல ஒரு பெரிய போஸ்ட் போடுவாங்க, கீழ "யாருக்கா அது, லிங்க் குடுங்க"ன்னு கமெண்ட் குவியும், ஒரு கூட்டமே அங்க போய் திட்டிட்டு வரும். விடிஞ்சு பாத்தா சுட்ட ஆள் கதையையும் தூக்கியாச்சு, ஐடியையும் மூடியாச்சு, அடுத்த மாசம் வேற பேர்ல வேற ஆப்ல அதே கதை ஓடிட்டிருக்கும். இப்ப போய் கம்ப்ளைண்ட் குடுக்கலாம்னு பாத்தா கையில இருக்கறது மங்கலா ஒரு ஸ்க்ரீன்ஷாட், அதுலயும் லிங்க் தெரியாது.

அதனால நான் இங்க திரும்பத் திரும்ப சொல்லப்போறது வரிசையைப் பத்திதான். முதல்ல சேவ் பண்ணணும், அப்புறம் ஒப்பிட்டுப் பாக்கணும், அப்புறம் புகார் குடுக்கணும், ஊருக்கு சொல்றது எல்லாத்துக்கும் கடைசி. இதை மாத்தி செஞ்சா ஜெயிக்க வேண்டிய கேஸும் கையை விட்டுப் போயிடும்.

எது திருட்டு, எது இல்ல

இதை முடிவு பண்ணாம ஆரம்பிக்கவே கூடாது, ஏன்னா நம்ம குரூப்கள்ல வர்ற புகார்ல நிறைய திருட்டே கிடையாது. காண்ட்ராக்ட் மேரேஜ், தாலி கட்டிட்டு திரும்பிப் பாக்காத ஹீரோ, அக்கா ஓடிப்போனதால மணமேடைல உக்கார்ற தங்கச்சி, ஆக்சிடெண்ட்ல எல்லாத்தையும் மறந்த ஹீரோயின், இதெல்லாம் யாரோட அப்பன் வீட்டு சொத்தும் இல்ல. ஒரே கொரியன் டிராமாவை ரெண்டு பேர் பாத்துட்டு உக்காந்து எழுதினா ரெண்டு கதையும் ஒரே மூஞ்சியோடதான் பொறக்கும், அப்புறம் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி "என் கதையை சுட்டுட்டா"ன்னு அடிச்சுக்குவாங்க, நடுவுல அந்த டிராமாவை எழுதின கொரியாக்காரரை யாரும் நினைக்கவே மாட்டாங்க.

சட்டமும் இப்படித்தான் பாக்குது. ஆர்.ஜி. ஆனந்த்னு ஒரு நாடக ஆசிரியர், தன்னோட நாடகத்தை சுட்டு படமா எடுத்துட்டாங்கன்னு போட்ட கேஸ்ல 1978ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. ஐடியா, கரு, கதைக்களம் இதுக்கெல்லாம் காப்பிரைட் கிடையாது, அதை எழுதின விதத்துக்குத்தான் உண்டு, ரெண்டையும் பாத்த ஒருத்தருக்கு இது அதோட காப்பிதான்னு சந்தேகமே இல்லாம தோணணும்னு சொல்லிட்டாங்க, அந்த நாடக ஆசிரியர் தோத்தார். சோ நீங்க "என் கதைல ஹீரோ கலெக்டர், அவ கதைலயும் கலெக்டர்"னு வந்தா நான் மட்டும் இல்ல, ஜட்ஜும் கேக்க மாட்டார்.

பச்சைத் திருட்டு எதுன்னா, வரி வரியா எடுத்து ஒட்டறது, பேரையும் ஊரையும் மாத்தி போடறது, ஒரு சீனை வசனத்தோட அப்படியே தூக்கி தன் கதைக்குள்ள சொருகறது. பிடிஎஃப் ஆக்கி டெலிகிராம்ல விடறதும், மைக் வச்சு வாசிச்சு யூடியூப்ல ஆடியோ நாவல்னு ஏத்தறதும், ஆப்ல போட்டு தெலுங்குக்கோ கன்னடத்துக்கோ மாத்தி அங்க புது ரைட்டரா உலா வர்றதும்கூட மீறல்தான். 1957 காப்பிரைட் சட்டத்தோட 14வது பிரிவுல மொழிபெயர்க்கிற உரிமை, ஒலிப்பதிவு பண்ற உரிமை எல்லாமே எழுதினவங்களோடதுன்னு தெளிவா இருக்கு. "டிஸ்க்ரிப்ஷன்ல உங்க பேர் போட்டிருக்கேனே சிஸ்"னு ஆடியோ சேனல்காரங்க சொல்லுவாங்க பாருங்க, பேர் போட்டா உங்க கதையை தன்னோடதுன்னு சொல்லலன்னு மட்டும்தான் அர்த்தம், பர்மிஷன் வாங்கலங்கறது அப்படியேதான் இருக்கு.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. கல்கியோட எழுத்து எல்லாம் நாட்டுடைமை ஆயிடுச்சு, யார் வேணா அச்சு போடலாம், யாரும் கேஸ் போட முடியாது. ஆனா அதுல இருந்து ஒரு வர்ணனையை உருவி தன் சரித்திரத் தொடர்ல தன் எழுத்து மாதிரி ஓட்டினா அது சட்டப்படி குத்தமோ இல்லையோ, ஒரு எழுத்துக் குரூப்புக்குள்ள அது களவுதான். அதே மாதிரி விமர்சனம் எழுதறவங்க ஒரு பத்தியை எடுத்து பேர் சொல்லி போட்டா அது களவு இல்ல, 52வது பிரிவே அதுக்கு இடம் குடுக்குது. சட்டத்தோட கோடு வேற, குரூப்போட கோடு வேறங்கறதை அட்மின்ஸ் மனசுல வச்சுக்கணும், ரூல் எழுதும்போது இது உதவும்.

எப்படி கண்டுபிடிக்கிறது

கூகுள்ல உங்க கதைல இருந்து ஒரு வரியை மேற்கோள் குறிக்குள்ள போட்டு தேடுங்க. எந்த வரிங்கறதுலதான் விஷயமே இருக்கு. கேரக்டர் பேர் வர்ற வரி வேஸ்ட், அதைத்தான் முதல்ல மாத்தியிருப்பாங்க. "அவன் அவளை முறைத்தான்" மாதிரி உலகத்துல எல்லாரும் எழுதற வரியும் வேஸ்ட். உங்களுக்கே உரிய ஒரு உவமை, ஒரு பாட்டி வாய்ல வர்ற சொலவடை, நீங்க மட்டும் எழுதற மாதிரி ஒரு திட்டு, ஆறேழு வார்த்தை இருந்தா போதும். முதல் எபில இருந்து எடுக்காதீங்க, நடுவுல இருந்து எடுங்க. சுடறவங்க முதல் ரெண்டு மூணு எபிக்குத்தான் பாடுபட்டு வார்த்தையை மாத்துவாங்க, அப்புறம் சோம்பேறித்தனம் வந்துடும், பதினஞ்சாவது எபில எல்லாம் உங்க எழுத்துப்பிழை முதக்கொண்டு அப்படியே இருக்கும்.

இன்னொரு விஷயம், ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டு பேர் மாத்தறவங்க எப்பவும் ஒரு தடயம் விட்டுட்டுத்தான் போவாங்க. ஹீரோயின் பேர் மதின்னு வைங்க, அதை நிலான்னு மாத்த ஒரே தட்டுல ரீப்ளேஸ் ஆல் குடுத்தா "நிம்மதி" எல்லாம் "நிம்நிலா" ஆகும், "அனுமதி" "அனுநிலா" ஆகும், "வெகுமதி" "வெகுநிலா" ஆகும். "அவள் அனுநிலா இல்லாமல் உள்ளே வராதே"ன்னு ஒரு வரி கிடைச்சா அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் சொல்லுங்க. அதனால காப்பின்னு சந்தேகம் வந்த கதைல உங்க கேரக்டர் பேர் உள்ள அடங்கியிருக்கற சாதாரண வார்த்தைகளைத் தேடிப் பாருங்க. சில பேர் புதுசா கேரக்டருக்கு பேர் வைக்கும்போதே இதை யோசிச்சு வைக்கறாங்க, நல்ல ஐடியாதான்.

தமிழ்ல தேடறப்போ ஒரு சின்ன டெக்னிக்கல் தொல்லை உண்டு. ஒ, ஓ, ஔ ஓசை வர்ற உயிர்மெய்ல (கொ, கோ, கௌ) கொம்பும் காலும் சேந்து ஒரே குறியா பதிவாகறதும் உண்டு, கொம்பு தனி கால் தனின்னு ரெண்டா பதிவாகறதும் உண்டு, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஆனா சில சாஃப்ட்வேர் வேற வேறன்னு நினைச்சுக்கும். ஸ்ரீக்கும் இதே மாதிரி ரெண்டு வழி இருக்கு. தேடி கிடைக்கலன்னா "இல்ல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க, அந்த எழுத்துகள் இல்லாத வேற வரியை எடுத்து இன்னொரு தரம் பாருங்க.

கூகுள் எல்லா இடத்துக்கும் போகாது, டெலிகிராம் ப்ரைவேட் குரூப்புக்குள்ளயும் லாகின் போட்டாதான் தெரியற பக்கத்துக்குள்ளயும் அதுக்கு வழி கிடையாது. அங்கெல்லாம் கண்டுபிடிக்கறது மனுஷங்கதான், அதுவும் வாசகிகள்தான். 2019 பிப்ரவரில இங்கிலீஷ் ரொமான்ஸ் உலகத்துல ஒரு பெரிய விவகாரம் வெடிச்சுது, கிறிஸ்டியானே செர்ருயாங்கற பிரேசில் எழுத்தாளரோட புத்தகங்கள்ல கோர்ட்னி மிலன்ல இருந்து நோரா ராபர்ட்ஸ் வரைக்கும் பல ரொமான்ஸ் எழுத்தாளர்களோட வரிகள் இருந்துச்சு. அதை மிலனுக்கு சொன்னது எந்த சாஃப்ட்வேரும் இல்ல, ரெண்டு பேரையும் படிச்சிருந்த வாசகர். செர்ருயா பழியை கூலிக்கு எழுதிக்குடுத்தவங்க மேல போட்டாங்க, நோரா ராபர்ட்ஸ் பிரேசில்லயே போய் கேஸ் போட்டாங்க. நம்ம சைலண்ட் ரீடர்ஸும் அப்படித்தான், ஒரு கமெண்ட் போட மாட்டாங்க, ஆனா எந்த கதைல எந்த எபில எந்த சீன்னு விரல் நுனில வச்சிருப்பாங்க. அவங்க தயங்காம வந்து சொல்ல குரூப்ல ஒரு வழி இருக்கணும், சொன்னவங்க பேர் வெளிய வரக்கூடாது.

சேவ் பண்றது

லிங்க் கிடைச்ச உடனே கமெண்ட் போடாதீங்க, லைக் போடாதீங்க, அந்த ஆளை ஃபாலோகூட பண்ணாதீங்க. லேப்டாப்ல திறந்து முழு யூஆர்எல் தெரியற மாதிரி, தேதியும் மணியும் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. ஒரு எபி மட்டும் இல்ல, கிடைக்கற எல்லா எபியும், அந்த ப்ரொஃபைல் பக்கமும், கதையோட முகப்புல இருக்கற தேதியும் வேணும். பொதுவுல திறந்திருக்கற பக்கம்னா வேபேக் மெஷின்ல (இணையப் பக்கங்களை தேதியோட சேமிச்சு வைக்கற தளம்) அந்த லிங்க்கைப் போட்டு சேவ் பண்ணுங்க, அது மூணாவது ஆள் கையில இருக்கற காப்பி, "நீயே போட்டோஷாப் பண்ணிட்ட"ன்னு யாரும் சொல்ல முடியாது. ஆப்னா ஸ்க்ரீன் ரெக்கார்டிங் போட்டு ப்ரொஃபைல்ல இருந்து ஆரம்பிச்சு எபிக்குள்ள ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போங்க. ஆடியோன்னா வீடியோவோட எந்த நிமிஷத்துல எந்த எபி வருதுன்னு குறிச்சு வைங்க.

இப்ப உங்க பக்கத்து ஆதாரம். கூகுள் டாக்ஸ்ல எழுதறவங்களுக்கு வெர்ஷன் ஹிஸ்டரியே போதும், எந்த தேதி எந்த வரி அடிச்சீங்கன்னு வரைக்கும் இருக்கும். பலர் மாட்டிக்கறது எங்கன்னா ரீரன்ல. கதை முடிஞ்சதும் லிங்க்கை தூக்கிட்டு கிண்டில்ல போடுவோம், ஒரு வருஷம் கழிச்சு சைட்ல ரீரன் போடுவோம், அப்போ முதல் தடவை போட்ட தேதி காணாம போயிருக்கும், நடுவுல சுட்ட ஆளோட தேதி உங்க ரீரன் தேதியை விட பழசா நிக்கும்! "அவங்கதான் முதல்ல எழுதியிருக்காங்க"ன்னு ஆப்காரங்க உங்களுக்கே பதில் அனுப்பினா அழறதா சிரிக்கறதா. சோ லிங்க் தூக்கறதுக்கு முன்னாடி முதல் எபி, கடைசி எபி, கமெண்ட்ஸ் இருக்கற பக்கம் மூணையும் வேபேக்ல ஏத்திடுங்க. வாசகிங்க அப்போ போட்ட கமெண்ட்ஸ் பிரமாதமான ஆதாரம், தேதியோட இருக்கும்.

அப்புறம் ஒரு டேபிள். இடது பக்கம் உங்க வரி, எபி நம்பர், தேதி, வலது பக்கம் அவங்க வரி, எபி நம்பர், தேதி. பத்துப் பதினஞ்சு வரிசை போதும், முன்னூறு வேண்டாம், புகார் படிக்கிற ஆளுக்கு உங்க கதை மேல எந்தப் பாசமும் கிடையாது, அவருக்கு தமிழே தெரியாமகூட இருக்கலாம். அதனால வரிசையா ஒரே மாதிரி இருக்கற வரிகள், ரெண்டு பேர்கிட்டயும் இருக்கற ஒரே தப்பு, அந்த "நிம்நிலா" மாதிரி சமாச்சாரம், இதை எல்லாம் மேல வைங்க.

கேஸ் வரைக்கும் போற எண்ணம் இருந்தா ஸ்க்ரீன்ஷாட் மட்டும் பத்தாது, 2024 ஜூலை 1ல இருந்து நடப்புல இருக்கற பாரதிய சாட்சிய அதினியங்கற சாட்சியச் சட்டத்தோட 63வது பிரிவுப்படி எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு ஒரு சர்டிஃபிகேட் சேத்துக் குடுக்கணும், அதை வக்கீல் பாத்துக்குவார். நீங்க செய்ய வேண்டியது ஒரிஜினல் ஃபைலை வாட்ஸ்அப்ல அனுப்பி சுருக்காம அப்படியே வச்சிருக்கறது.

புகார் குடுக்கறது

சுட்ட ஆளுக்கு முதல்ல மெசேஜ் பண்ணலாமா? என்னோட கருத்து, அந்தக் கதைல காசு பாக்கறாங்கன்னா மெசேஜ் பண்ணவே பண்ணாதீங்க, நேரா புகார். புதுசா எழுத வந்த சின்னப் பொண்ணு, ஃப்ரீ ஆப்ல போட்டிருக்குன்னா, எல்லாத்தையும் சேவ் பண்ணி முடிச்ச பிறகு ஒரே ஒரு மெசேஜ். இப்படி இருந்தா போதும்: "நீங்க இந்தப் பேர்ல போட்டிருக்கற கதையோட எபி 4 முதல் 19 வரை நான் இந்த வருஷம் இந்த சைட்ல எழுதின கதைல இருந்து எடுத்தது. ஒப்பீடு இணைச்சிருக்கேன். ரெண்டு நாளுக்குள்ள எடுத்துட்டு எனக்கு பதில் போடுங்க, இல்லன்னா ஆப்ல புகார் குடுப்பேன்." திட்டு வேண்டாம், சாபம் வேண்டாம், "உன் வீட்டு அட்ரஸ் தெரியும்" கூடவே கூடாது, அந்த ஸ்க்ரீன்ஷாட் உங்களுக்கே எதிரா திரும்பும்.

ஆப்லயும் சைட்லயும் ரிப்போர்ட் பட்டனை மட்டும் அமுக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. 2021 ஐடி ரூல்ஸ்படி இந்த மாதிரி ஆப் எல்லாம் குறைதீர் அதிகாரி யாருன்னு பேரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட்டாகணும், கீழ எங்கயாவது சின்ன எழுத்துல இருக்கும், அந்த மெயிலுக்கு டேபிளோட அனுப்புங்க. நாற்பது பேர் சேந்து ரிப்போர்ட் அடிக்கிறதை விட உரிமை உள்ளவங்க அனுப்பற ஒரு ஒழுங்கான மெயிலுக்கு மரியாதை ஜாஸ்தி. காப்பிரைட் புகாரை எழுதினவங்களோ அவங்க அதிகாரம் குடுத்தவங்களோதான் குடுக்க முடியும், ரசிகர் படை குடுத்தா செல்லாது.

யூடியூப், கூகுள் ரெண்டும் அமெரிக்க கம்பெனி, அங்க 1998ல வந்த டிஎம்சிஏங்கற காப்பிரைட் சட்டப்படி புகார் ஃபார்ம் இருக்கு. உங்க படைப்பு எது, மீறல் எந்த லிங்க்ல, உங்க தொடர்பு விவரம், நல்லெண்ணத்தோட சொல்றேன்னு ஒரு உறுதிமொழி, சொன்னது உண்மைன்னு ஒரு உறுதிமொழி, கையெழுத்தா உங்க பேர், இவ்வளவுதான். யூடியூப்ல ரெண்டு வழி இருக்கு, உடனே எடுக்க சொல்லலாம், இல்ல ஏழு நாள் டைம் குடுத்து அவங்களையே எடுக்க வைக்கலாம். உடனே எடுத்தா அந்த சேனலுக்கு ஸ்ட்ரைக் (மீறலுக்கான எச்சரிக்கை) விழும், 90 நாளைக்குள்ள மூணு ஸ்ட்ரைக் விழுந்தா சேனலே போயிடும். எதிராளி கவுண்டர் நோட்டீஸ் (இது மீறல் இல்லன்னு மறுப்பு) குடுத்தா நீங்க 10 வேலை நாளுக்குள்ள கோர்ட்டுக்கு போனதுக்கு ஆதாரம் காட்டணும், இல்லன்னா வீடியோ திரும்ப வந்துடும். சுட்டவங்க அவ்வளவு தூரம் வர்றது குறைவு, ஆனா தெரிஞ்சு வச்சுக்குங்க.

புனைபேர்ல எழுதறவங்க இந்த இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. நம்ம குரூப்ல பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாம, ஆஃபீஸ்க்குத் தெரியாம எழுதறவங்க. டிஎம்சிஏ ஃபார்ம்ல நிஜப் பேர் குடுக்கணும், அது எதிராளிக்கும் போகலாம், கூகுள் சர்ச்ல இருந்து எடுக்கச் சொல்லி குடுக்கற நோட்டீஸ் லூமென்ங்கற பொது டேட்டாபேஸ்லயும் ஏறும். திருடனைப் பிடிக்கப் போய் நம்ம அட்ரஸை அவன் கையில குடுத்துட்டு வரக்கூடாது. வக்கீலோ, பதிப்பாளரோ, நம்பிக்கையான ஒருத்தரோ உங்க சார்பா அதிகாரம் பெற்றவரா புகார் குடுக்கலாம், அதுக்கு ஒரு கடிதம் எழுதி முன்கூட்டியே ரெடியா வச்சுக்குங்க.

கிண்டில்ல போட்டவங்களுக்கு இது இன்னும் அவசரம். கேடிபி செலக்ட்ல (அமேசான் கிண்டிலோட ஒரு திட்டம்) சேத்தா 90 நாளைக்கு அந்த இபுக் டிஜிட்டலா வேற எங்கயும் இருக்கக்கூடாதுன்னு கண்டிஷன். எவனோ உங்க கதையை ஓப்பனா ஒரு சைட்ல போட்டு வச்சா, விளக்கம் கேட்டு மெயில் உங்களுக்குத்தான் வரலாம். அப்போ நீங்க ஏற்கனவே குடுத்த புகாரோட காப்பி இருந்தா உடனே அனுப்பிடலாம், இல்லன்னா திண்டாட்டம்தான்.

டெலிகிராம் தான் பெரிய தலைவலி. ஒரு சேனலை மூடினா சாயந்தரம் இன்னொண்ணு முளைக்கும். ஆனாலும் புகாரை அனுப்பிட்டே இருங்க, எதுக்குன்னா 2022 ஆகஸ்ட்ல டெல்லி ஹைகோர்ட் ஒரு நல்ல உத்தரவு போட்டிருக்கு. நீத்து சிங்னு ஒரு கோச்சிங் டீச்சர், தன் புத்தகமும் வீடியோவும் டெலிகிராம் சேனல்கள்ல இஷ்டத்துக்கு ஓடுதுன்னு போன வழக்குல, சேனல் நடத்தறவங்களோட போன் நம்பர், ஐபி அட்ரஸ் விவரத்தை சீல் வச்ச கவர்ல குடுன்னு கோர்ட் சொல்லிடுச்சு, எங்க சர்வர் சிங்கப்பூர்ல இருக்குன்னு டெலிகிராம் சொன்னது எடுபடல. பல ரைட்டர்ஸ் சேந்து ஒரே வக்கீலைப் பிடிச்சா இந்த வழில போக முடியும், தனியா ஒருத்தர் செலவு தாங்க மாட்டாங்க.

சட்டத்தைப் பத்தி சுருக்கமா. எழுதின நிமிஷமே உங்களுக்கு காப்பிரைட் வந்துடும், பதிவு கட்டாயம் இல்ல, ஆனா 500 ரூபா கட்டி டெல்லி காப்பிரைட் ஆஃபீஸ்ல ஆன்லைன்லயே பதிஞ்சு வச்சா வழக்குல கைகொடுக்கும். 2013 காப்பிரைட் விதிகள்ல 75வது விதிப்படி எழுத்துல புகார் குடுத்தா லிங்க் குடுக்கற தளம் 36 மணி நேரத்துல முடக்கணும், ஆனா 21 நாளுக்குள்ள நீங்க கோர்ட் ஆர்டர் கொண்டு வரணும், வரலன்னா திரும்பத் திறந்துக்கலாம். காப்பிரைட் சட்டத்தோட 62வது பிரிவுல நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, நீங்க குடியிருக்கற ஊர் மாவட்ட கோர்ட்லயே கேஸ் போடலாம், சுட்ட ஆள் எங்க இருந்தாலும் சரி, திருநெல்வேலில இருக்கறவங்க டெல்லிக்கு அலைய வேண்டாம். அதே சட்டத்தோட 63வது பிரிவுப்படி தெரிஞ்சே மீறினா 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரை ஜெயில், 50,000ல இருந்து 2 லட்சம் வரை அபராதம், லாபத்துக்காக செய்யலன்னா கோர்ட் குறைக்கலாம். இதுல வாரண்ட் இல்லாமயே போலீஸ் நடவடிக்கை எடுக்கலாம்னு 2022ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. இதை நோட்டீஸ்ல ஒரு வரி சேத்தாலே பல பேர் தூக்கிடுவாங்க.

அட்மின்களுக்கு

பிரச்சனை வந்த அன்னைக்கு ரூல் எழுதாதீங்க, அன்னைக்கு எழுதற ரூல் எல்லாம் ஆளைப் பாத்து எழுதின ரூலாத்தான் இருக்கும். இப்பவே பின் பண்ணி வைங்க. புகார் யாருக்கு, எந்த வழியா வரணும், டேபிள் இல்லாத புகாரை எடுக்க மாட்டோம், குரூப் சுவர்ல நேரா குற்றம்சாட்டி போஸ்ட் போட்டா புகார் குடுத்தவங்க போஸ்டும் தூக்கப்படும். பாக்கறது ஒரு ஆள் இல்ல, மூணு பேர், அந்த மூணுல புகார் குடுத்தவங்களுக்கோ எதிராளிக்கோ நெருக்கமானவங்க இருக்கக்கூடாது, இது சொல்றப்போ சுலபம், நம்ம குரூப்ல எல்லாரும் எல்லாருக்கும் அக்கா தங்கச்சிதான், அதனால வேற குரூப் அட்மின் ஒருத்தரைக் கூப்பிட்டு வச்சுக்கறது நல்லது. எதிராளிக்கு டேபிளைக் காட்டி பதில் சொல்ல ரெண்டு நாள் குடுங்க. சில நேரம் புகார் குடுத்தவங்கதான் சுட்டிருப்பாங்க, அதுவும் நடக்கும்.

பேர் போட்டு "திருடி"ன்னு எழுதறதுல ஆபத்து இருக்கு. அவதூறு இப்போ பாரதிய நியாய சம்ஹிதாங்கற குற்றவியல் சட்டத்துல 356வது பிரிவு, சுட்டவங்களே உங்க மேல கேஸ் போட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பற கூத்தும் வரும். அறிவிப்பு இந்த மாதிரி இருந்தா பிரச்சனை கம்மி: "இந்தக் கதையின் 4 முதல் 19 வரையிலான எபிகளில் முன்பே வெளியான இன்னொரு கதையின் வரிகள் இருப்பதை ஒப்பிட்டுப் பார்த்தோம். கதை நீக்கப்பட்டது." வரிகளைப் பத்தி பேசுங்க, அவங்க வளர்ப்பைப் பத்தி பேசாதீங்க. பழைய குரூப் பகைக்கு கணக்குத் தீக்க இந்த நேரத்தைத்தான் பாத்துட்டிருப்பாங்க சில பேர், கமெண்ட்டை மூடி வச்சுடுங்க.

தண்டனைல தரம் பிரிங்க. ஒரு சீனை எடுத்துட்டு கேட்டதும் ஒத்துக்கிட்டு எடுத்தவங்களும், முப்பது எபியை சுட்டு கிண்டில்ல வித்தவங்களும் ஒண்ணு இல்ல. முதல் ஆளுக்கு கதையை எடுத்துட்டு, ஒரிஜினல் ரைட்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, கொஞ்ச மாசம் கழிச்சு புதுக் கதையோட வரச் சொல்லலாம், அதுவும் முதல் பத்து எபியை அட்மின் படிச்சுப் பாத்த பிறகு. ரெண்டாவது ஆளுக்கு கதவை சாத்திடுங்க, மத்த குரூப் அட்மின்ஸுக்கும் டேபிளை அனுப்பிடுங்க.

ஏஐ வந்த பிறகு

இப்ப வரி வரியா காப்பி அடிக்கறவங்க குறைஞ்சுட்டாங்க. எபியை அப்படியே ஏஐல போட்டு "வேற மாதிரி எழுதிக்குடு"ன்னு கேட்டா அது எழுதிக்குடுத்துடுது, மேற்கோள் தேடல்ல மாட்டாது. ஏஐ டிடெக்டர் சொல்ற பர்சன்டேஜை வச்சு யாரையும் தண்டிக்காதீங்க, தமிழுக்கு அதை நான் துளிகூட நம்ப மாட்டேன், செந்தமிழ்ல சுத்தமா எழுதற ஆளை எல்லாம் மெஷின்னு சொல்லிடும். அதுக்கு பதிலா சீன் வரிசையை ஒப்பிடுங்க. ரெண்டு கதைக்கும் எபி வாரியா என்ன நடக்குதுன்னு ஒவ்வொரு வரி எழுதுங்க, இருபது எபிக்கு ஒரே வரிசைல ஒரே சம்பவம் வந்தா அது தற்செயல் இல்ல. அதை விட முக்கியம் தேவையே இல்லாத விவரங்கள். கதைக்கு சம்பந்தமே இல்லாம நீங்க போட்ட ஒரு நொண்டிப் பூனை, பக்கத்து வீட்டு மாமாவோட புல்லட் ரிப்பேர், மூணாவது எபில நாத்தனாருக்கு ரெண்டு குழந்தைன்னு சொல்லிட்டு பன்னெண்டாவது எபில மறந்துபோய் ஒண்ணுன்னு எழுதின தப்பு, இதெல்லாம் அங்கயும் அதே இடத்துல இருந்தா வார்த்தை எத்தனை மாறினாலும் வண்டவாளம் வெளிய வந்துடும். எதிராளிகிட்ட டிராஃப்டோட வெர்ஷன் ஹிஸ்டரியைக் கேளுங்க. நிஜமா எழுதினவங்ககிட்ட கிறுக்கல் இருக்கும், அடிச்சு திருத்தினது இருக்கும், மொபைல்ல நோட்ஸ்ல குறிச்சது ஏதாவது இருக்கும், எதுவுமே இல்லாம முழு எபி ஒரே பேஸ்ட்ல வந்திருந்தா அது பேசும்.

முன்கூட்டியே செய்யறது

ரைட் க்ளிக் தடுக்கறது, காப்பி பண்ண முடியாம வைக்கறது எல்லாம் சும்மா ஒரு ஆறுதலுக்குத்தான், போன் கேமராவுல போட்டோ எடுத்து கூகுள் லென்ஸ்ல போட்டா எழுத்து வந்துடும். அதனால வாசகிங்களுக்குத்தான் கண்ணு வலி, பார்வைக் குறைபாட்டுக்கு ஸ்க்ரீன் ரீடர் (எழுத்தை வாசிச்சுச் சொல்ற மென்பொருள்) வச்சு கேக்கறவங்களுக்கு சில சமயம் கதையே போச்சு. அதை விட எழுத்துக்குள்ளயே கண்ணி வைங்க. இல்லாத ஒரு ஊர் பேர், நீங்களே உண்டாக்கின ஒரு பஸ் ரூட், கடைக்கு வச்ச ஒரு விசித்திரப் பேர், எபிக்கு ஒண்ணு. அதை ஒரு நோட்டுல எழுதி வச்சுட்டு மாசம் ஒரு தடவை தேடிப் பாருங்க. கூகுள் அலர்ட்ல அந்த வார்த்தையைப் போட்டு வச்சா அதுவே சில சமயம் மெயில் அனுப்பும். எபிக்கு நடுவுல, வசனத்துக்கு இடைல உங்க பேரையும் சைட் பேரையும் ஒரு வரி போடறதும் நல்லது, ஆடியோ சேனல்ல மெஷின் குரல் வச்சு ஓட்டறவங்க அதையும் சேத்து வாசிச்சுட்டுப் போயிடுவாங்க, கேக்கறதுக்கே சிரிப்பா இருக்கும்.

பிடிஎஃப் கேட்டு வர்ற வாசகிங்களை திட்டி பிரயோஜனம் இல்ல, அவங்க எதுக்கு கேக்கறாங்கன்னு பாருங்க. பாதிப் பேருக்கு லிங்க் மூடறதுக்குள்ள படிக்க நேரம் கிடைக்கல, இன்னும் சிலருக்கு கிண்டில் எப்படி வாங்கறதுன்னே தெரியல, ஒரு கதை வாங்கற காசு ஒரு வார பாலுக்கு ஆகும்னு நினைக்கறவங்களும் உண்டு. லிங்க்கை கொஞ்ச நாள் கூட திறந்து வைங்க, கிண்டில்ல சில நாள் ஃப்ரீ ப்ரோமோ போட வசதி இருக்கு, அதைப் போட்டு தேதியை முன்கூட்டியே சொல்லுங்க. அப்படி செஞ்ச ரைட்டர்ஸோட வாசகிங்கதான் டெலிகிராம்ல பிடிஎஃப் பாத்த உடனே லிங்க்கோட ஓடி வந்து சொல்றாங்க.

கடைசியா ஒரு வேலை, இன்னைக்கே செய்யலாம். ட்ரைவ்ல ஒரு ஃபோல்டர் திறந்து ஒவ்வொரு கதைக்கும் முதல் வெளியீட்டு லிங்க், வேபேக் லிங்க், டிராஃப்ட், கண்ணி வார்த்தை லிஸ்ட், ரெடியா டைப் பண்ணி வச்ச புகார் மெயில், சார்பா புகார் குடுக்க அதிகாரம் தர்ற கடிதம், எல்லாத்தையும் போட்டு வைங்க. ராத்திரி பதினொரு மணிக்கு லிங்க் வந்தா பதினொன்றரைக்கு புகார் போயிருக்கணும், அந்த ஆள் எழுந்து போனைப் பாக்கறதுக்குள்ள.